கொசுவத்திக்கும் கன்டெய்னருக்கும் நடுவே

மருத்துவர் கொடுத்த சீட்டின் பின்பக்கம் நான்கு வரி எழுதியிருந்தது. தூசி, புகை ஆகாது. கொசுவத்தி கொளுத்தக் கூடாது. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கவும். தினமும் அரை மணி நேரமாவது ஓடியாட விடவும். புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் அந்தச் சீட்டை என்னிடம் நீட்டிய அம்மா கேட்டார்: "நாலும் நல்லதுதான் சார். இங்க இருந்துக்கினு இதுல எத்த செய்யறது, நீங்களே சொல்லுங்க."

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வயதிலிருந்து இழுப்பு. அந்தத் தெருவில் ஆஸ்துமா என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களின் காதுக்குப் போய்விடும். 'வீசிங்' என்பார்கள், 'நெஞ்சுச் சளி' என்பார்கள், 'பனி ஒத்துக்கல' என்பார்கள். மூச்சு முட்டினால் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டோ பிடித்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய், 'மாஸ்க்' வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நான் போனது மாலை ஆறரை மணிக்கு. ஓட்டேரி நல்லா கால்வாய்ப் பக்கமிருந்து கொசு கிளம்பும் நேரம். ஜன்னலைச் சாத்தினார்கள். பாட்டி ஒரு சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தகரத் தாங்கியை நிறுத்தி, பச்சைச் சுருளின் நுனியைக் கொளுத்தி ஊதினார். நூல்போல் எழுந்த புகை மின்விசிறிக் காற்றில் கலைந்து அறை முழுக்கப் பரவியது. அதிலிருந்து ஓரடி தள்ளி, தரையில் குப்புறப் படுத்து அந்தப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சமையல், படிப்பு, படுக்கை மூன்றும் அதே அறையில்தான். சுருள் விடிய விடியப் புகையும். அவளும் அங்கேயேதான் தூங்குவாள்.

சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று அதில் தெரியவந்தது. அந்த வீட்டுத் தாத்தா பீடி பிடிக்க வேண்டுமென்றால் கீழே தெருவுக்கு இறங்க வேண்டும். பேத்திக்காக வீட்டார் போட்ட சட்டம் அது. அதே வீட்டில்தான் தினமும் சுருள் எரிகிறது. இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். வடசென்னை மலேரியாவுக்குப் பேர்போன இடம். மூத்த பையனுக்கு டெங்கு வந்து பத்து நாள் படுக்கையில் கிடந்ததைப் பார்த்த அம்மா அவர். காய்ச்சல் நாளைக்கே வரும், நுரையீரல் என்றைக்கோதானே கெடும் என்று அவர் போடும் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. கால்வாயைத் தூர்வாராதவர்கள் கையில் இருக்கிறது அந்தச் சுருளை அணைக்கும் வேலை.

கொசுவத்தியோடு முடிவதுமில்லை. நம் வீடுகளில் புகை மங்கலமானது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை துவட்டியதும் சாம்பிராணிப் புகைக்கு மேலே பிடித்துக் காட்டுவோம். வெள்ளிக்கிழமை என்றால் ஊதுவத்தி. திருஷ்டி சுற்றி மிளகாயை நெருப்பில் போடுவோம். அப்போது இருமல் வராவிட்டால் கண்ணேறு பலம் என்று அர்த்தம். என் அம்மாவும் எனக்குச் சாம்பிராணி காட்டித்தான் வளர்த்தார். அந்த வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அது முற்றம் வைத்த வீட்டில். அதே தணலைப் பத்துக்குப் பத்து அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நாற்பது நாள் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்டினால் கதை வேறு. வடசென்னைப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து சின்ன மேளம் அடித்துக்கொண்டு பழைய டயரைச் சுற்றி நிற்பார்கள் போகியன்று. 2018 போகியில் புகைமூட்டத்தால் சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போனது செய்தியானது. அன்று டயர்ப் புகைக்குள் நின்றிருந்த பிள்ளைகள் செய்தியில் இல்லை. தீபாவளியில் பாம்பு மாத்திரை. புனேயிலுள்ள மார்பு ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் பட்டாசுகளின் புகையை அளந்தபோது நுண்துகளில் முதலிடம் பிடித்தது அதுதான். வெடிக்காது, கையைச் சுடாது என்பதால் மூன்று வயதுப் பிள்ளையிடம் நாம் எடுத்துக் கொடுப்பதும் அதுதான்.

இதெல்லாம் ஏன் சின்ன வயதில் இவ்வளவு கணக்காகிறது? இதயம்போல நுரையீரல் பிறக்கும்போதே முழு வடிவில் வந்துவிடுவதில்லை. காற்றுப்பைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உண்டாகின்றன. மூச்சுத் திறன் பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் விறுவிறுவென்று ஏறி, இருபதை ஒட்டி உச்சம் தொடும். பிறகு ஆயுள் முழுக்க மெல்ல இறங்கும். உச்சமே தாழ்வாக அமைந்துவிட்டால், ஐம்பது வயதில் மாடிப்படி ஏறும்போது அது தெரியவரும். 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் கணக்கு இது: நாற்பது வயதுக்கு முன்பே மூச்சுத் திறன் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குப் பிற்காலத்தில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தது. இயல்பான திறனோடு தொடங்கியவர்களில் 7 பேருக்குத்தான் வந்தது. புகைபிடித்துக் கெட்டவர்களின் நோய் என்று நாம் நினைத்திருந்ததில் பாதி, பள்ளிக்கூட வயதிலேயே விதை விழுந்த நோய்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள். தென் கலிஃபோர்னியாவின் பன்னிரண்டு ஊர்களில் பத்து வயதுப் பிள்ளைகளைப் பிடித்து, பதினெட்டு வயதுவரை எட்டு ஆண்டுகள் ஊதச் சொல்லி அளந்தார்கள். காற்று சுத்தமான ஊரில், பதினெட்டு வயதில் மூச்சுத் திறன் குறைந்து நின்றவர்கள் நூற்றுக்கு 1.6 பேர். நுண்துகள் மிகுந்த ஊரில் 7.9 பேர். 2004-ல் இது வெளிவந்தது. அதன் பிறகு அங்கே லாரி டீசலுக்கும் தொழிற்சாலைக்கும் கடிவாளம் இறுகியது. மூன்று வெவ்வேறு காலத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2015-ல் மறுபடி எழுதினார்கள்: திறன் குறைந்தவர்களின் பங்கு 7.9-லிருந்து 6.3 ஆகி, 3.6-க்கு இறங்கியிருந்தது. அந்த ஊர்ப் பெற்றோர் பிள்ளை வளர்க்கும் முறையை மாற்றிக்கொண்டதால் இது வரவில்லை. காற்று மாறியது; பிள்ளைகளின் நெஞ்சு வளர்ந்தது.

நம் ஊரிலும் இதைப் பார்த்தவர்கள் உண்டு. போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தாய் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் பத்து மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறது என்று 2018-ல் எழுதினார்கள். நான்கு கிராம் சிறிய எண்ணாகத் தெரியலாம்; நுண்துகள் பத்துப் பத்தாக ஏறும்போது அதுவும் ஏறும். நுண்துகளுக்கு இந்தியா வகுத்திருக்கும் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. வரம்புக்குள் இருக்கிறோம் என்று ஓர் அதிகாரி சொல்லும்போது, எந்த வரம்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சீட்டின் மூன்றாவது வரிக்கு வருவோம். சிறார் ஆஸ்துமா பற்றிய பன்னாட்டு ஆய்வு ஒன்று 1990-களில் தொடங்கியது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து, 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் நெஞ்சில் விசில் சத்தம் வந்ததா?' என்று கேட்டார்கள். சென்னைப் பிள்ளைகளும் நெய்வேலிப் பிள்ளைகளும் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். அதன் பிந்தைய கட்டத்தில் உணவு, தொலைக்காட்சி, அடுப்பு, தெருவில் போகும் லாரி என்று வாழ்க்கைமுறையையும் கேட்டார்கள். வாரம் மூன்று தடவையோ அதற்கு மேலோ துரித உணவு சாப்பிடும் வளரிளம் பருவத்தினரிடம் கடும் ஆஸ்துமா 39 விழுக்காடு அதிகம். வாரம் மூன்று தடவையாவது பழம் சாப்பிடுகிறவர்களிடம் 11 விழுக்காடு குறைவு என்று 2013-ல் வந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, பரோட்டாதான் இழுப்பைக் கொண்டுவந்தது என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் பத்திரிகைகள் பல பர்கர் படம் போட்டு வெளியிட்டன. அதே கேள்வித்தாளில், வீட்டுத் தெருவில் லாரி போக்குவரத்து கூடக்கூட இழுப்பும் கூடுகிறது என்ற முடிவும் இருந்தது. அதற்கு அவ்வளவு படம் கிடைக்கவில்லை. தின்பதைக் குறை சொன்னால் அம்மாவோடு போயிற்று. லாரியைக் குறை சொன்னால் துறைமுகம்வரை போக வேண்டும்.

புளியந்தோப்பில் இந்த இரண்டும் ஒரே தெருமுனையில் சந்திக்கின்றன. தள்ளுவண்டியில் ஃப்ரைடு ரைஸும் பீஃப் பக்கோடாவும் வேகும். அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு, இரண்டு பிள்ளைகளுக்கும் சூடாக வயிறு நிறையும் சாப்பாடு வேறு எங்கே கிடைக்கும்? கொய்யாவும் வாழைப்பழமும் வாங்கலாம், வாங்குகிறார்கள். அவற்றை வைத்துச் சோற்றுப்பசி ஆறாது. வண்டிக்குப் பின்னால் காயலான் கடை. அங்கே மதியம் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்திருப்பார்கள். ஆட்டுத்தொட்டிப் பக்கம் விடிகாலையில் தலையும் காலும் தீயில் வாட்டும் வாடை. வடக்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. கிழக்கே போகப் போகத் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், இன்ஜினை அணைக்காமல். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் 'வாழ்க்கைமுறை' என்று எதைப் பிரித்து எடுப்பீர்கள்?

நான்காவது வரி இன்னும் சங்கடமானது. ஓடியாட விடு என்கிறார் மருத்துவர். சரியான பேச்சு, ஓடாத பிள்ளையின் நெஞ்சு விரியாது. வடசென்னைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. வியாசர்பாடிக் கால்பந்தும் ராயபுரத்துக் குத்துச்சண்டையும் ஊரறிந்தவை. ஆனால் மேலே சொன்ன கலிஃபோர்னியா ஆய்விலேயே 2002-ல் ஒரு முடிவு வந்தது. ஓசோன் மிகுந்த ஊர்களில் மூன்றோ அதற்கு மேலோ விளையாட்டுகள் ஆடிய பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் ஆபத்து, ஆடாதவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஓசோன் குறைந்த ஊர்களில் அந்த வித்தியாசமே இல்லை. ஓடுகிறவன் ஆழமாக மூச்சு இழுக்கிறான். காற்றில் இருப்பது அதே ஆழத்துக்கு உள்ளே போகிறது. நல்ல பழக்கமே கெடுதலாகும் இடம் என்று ஒன்று இருக்கிறது. அதற்காக விளையாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல அளவு வேண்டும். ராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் காற்றை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் பள்ளி ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

பழக்கம் எப்படி மாறுகிறது என்பதற்கு இந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது. முப்பது வருடம் முன்பு இதே வீடுகளில் பம்பு ஸ்டவ் இரைந்துகொண்டிருக்கும். மண்ணெண்ணெய் வாடை துணியில் ஏறி, பள்ளிக்கூடம்வரை கூடவே வரும். யாரும் பிரசங்கம் செய்து அது போகவில்லை. 2007-ல் மாநில அரசு ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. ஸ்டவ் பரணுக்கு ஏறியது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தது. பேருந்தில் பக்கத்து ஆளின் பீடியைச் சுவாசிக்கும் கட்டாயம் பிள்ளைகளுக்குத் தீர்ந்தது. ராயபுரத்தில் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை உதறினால் கரி பறக்கும். உயர் நீதிமன்றம் தலையிட்டு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்குவதை நிறுத்தியது, சட்டை வெளுத்தது.

நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. ராயபுரத்துப் பிள்ளை மூச்சு விட, எண்ணூர்ப் பிள்ளை இரும வேண்டியதாயிற்று. அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும் உள்ள ஊரிடமே இன்னும் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தோம். பக்கத்து மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே கடுமையாக மாசடைந்த பகுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடியவர்களிடம் போய் வாழ்க்கைமுறை பற்றிப் பேசிப் பாருங்கள்.

நெஞ்சு நோயில் புளியந்தோப்புக்கு இது மூன்றாம் தலைமுறை. தாத்தா பி அண்ட் சி மில்லில் பஞ்சுத் தூசி தின்றவர். அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1921 வேலைநிறுத்தத்தில் இந்தத் தெருக்கள் பற்றி எரிந்தன. பஞ்சுத் தூசி நோய்க்கு ஒரு குணம் உண்டு: ஞாயிறு ஓய்ந்துவிட்டுத் திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகும். அப்பா துறைமுகத்தில் கூலி. பேத்தி மில்லையும் பார்த்ததில்லை, கப்பலிலும் ஏறியதில்லை; இழுப்பு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் அரசின் தலையில் கட்டிவிட்டுக் குடும்பம் கை கழுவலாமா? கூடாத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் 'பஃப்'. இழுப்புக்கு இன்ஹேலர்தான் முதல் மருந்து. "பஃப் பழகிட்டா விட முடியாது", "வெளியே எடுத்தா நாலு பேருக்குத் தெரியும்", "மாத்திரையே போதும்". இந்த மூன்று பேச்சும் நாட்டில் எத்தனை உயிரை எடுக்கின்றன என்று யாராவது எண்ண வேண்டும். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 விழுக்காட்டினர் இந்தியர். ஆஸ்துமா சாவுகளில் இந்தியாவின் பங்கு சுமார் 42 விழுக்காடு. மாத்திரையும் ஊசியும் மருந்தை உடம்பு முழுக்க அனுப்புகின்றன. பஃப் நேரே நெஞ்சுக்கு, மைக்ரோகிராம் கணக்கில். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் 'ஸ்பேசர்' என்ற குழாய் வேண்டும். அதை வாங்க வசதியில்லாத தாய்மாருக்காகக் கேப்டவுன் மருத்துவர்கள் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு இன்ஹேலரைப் பொருத்தினார்கள். கடை ஸ்பேசருக்கு அது குறைந்ததில்லை என்று 1999-ல் நிரூபித்தார்கள். புளியந்தோப்பில் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. அதைச் செய்துகாட்ட ஒரு செவிலியர் வேண்டும்.

இப்போது என் கோரிக்கை. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அது தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் இழுப்பும் இருக்கிறது. ஆனால் இழுப்பு இல்லாத நாளில் ஸ்டெதஸ்கோப்புக்கு ஒன்றும் கேட்காது. 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்று ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. விலை சில நூறு ரூபாய். மின்சாரம் வேண்டாம், டாக்டர் வேண்டாம். எழுந்து நின்று முழு மூச்சும் இழுத்து ஒரே ஊதாக ஊத வேண்டும், முள் ஓர் எண்ணில் நிற்கும். நோயை முடிவுசெய்ய அது போதாது. யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கப் போதும். மிச்சத்தை ஸ்டான்லியும் ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையும் பார்த்துக்கொள்ளும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து ரத்த அழுத்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு பெரியவர்களின் வாசலுக்கு வருகிறது. இந்தக் குழல் ஏன் பிள்ளைகளின் வகுப்பறைக்கு வரக் கூடாது?

அன்று என் பையில் ஒன்று இருந்தது. அந்தப் பெண் மூன்று தடவை ஊதினாள். மூன்றில் பெரிய எண் 240. அவள் உயரத்துக்கு 350-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். அம்மா குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருசமா டாக்டர்கிட்ட தூக்கினு அலையறேன் சார், ஒரு தபா கூட யாரும் இத்த ஊதச் சொல்லல."

புளியந்தோப்பிலிருந்து எண்ணூர்வரை உள்ள மாநகராட்சிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை, ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு பிள்ளையையும் ஊதச் சொல்லி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். ஐந்தாண்டுப் பதிவு கையில் இருந்தால், எந்தத் தெருவில் நெஞ்சு வளரவில்லை என்று அரசே பார்க்கலாம், நீதிமன்றத்திலும் வைக்கலாம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, பிள்ளையின் உயரம், எடைக்குப் பக்கத்தில் மூச்சளவுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.